டை அடித்த முடி செம்பட்டையானால்: ஊதா, நீல ஷாம்பு போடும் முறை

தைப்பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஹட்டன் பார்லருக்கு ஒரே மாதிரியான தலைகள் வரத் தொடங்கும். எல்லாம் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது கொழும்பில் ஹைலைட் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள். அன்றைக்குச் சாம்பல் பழுப்பாக இருந்த கற்றைகள் இப்போது செம்பட்டை. பலருடைய பையில் பாதி தீர்ந்த பர்ப்பிள் ஷாம்பு போத்தல் ஒன்றும் இருக்கும். "அக்கா, பாதிப் போத்தல் முடிஞ்சிருச்சு, ஒரு மாற்றமும் இல்ல."

வாசலுக்குக் கூட்டிப்போய் வெளிச்சத்தில் பார்த்தால், பத்தில் ஏழெட்டுப் பேருக்கு முடி கேரட் நிறத்தில் இருக்கும். அதற்கு ஊதா ஷாம்பு எத்தனை போத்தல் ஊற்றினாலும் பலனில்லை. மீதிப் பேர் நேரத்தில் அல்லது வரிசையில் தவறியிருப்பார்கள்.

இதை ஷாம்பு என்று நினைப்பதால்தான் பாதிப் பிழைகள். நுரை வரும் சாயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது கை தானாகவே கவனமாகிவிடும்.

1. போத்தல் வாங்க முன் முடியைப் பாருங்கள்

நம் முடியில் இரண்டு வகை நிறமி இருக்கிறது. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். ப்ளீச் போட்டால் கறுப்பு முதலில் உடைந்து போகும், மஞ்சளும் சிவப்பும் பிடிவாதமாகக் கிடக்கும். அதனால் கறுப்பு முடி வெளுக்கும்போது சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், இளமஞ்சள் என்ற வரிசையில்தான் இறங்கும். பார்லரில் அதன்மேல் சாம்பல் டோனர், அதாவது அந்த நிறத்தை அடக்கும் மெல்லிய சாயம், போட்டு அனுப்புவார்கள். தலை முழுக முழுக டோனர் கழன்று, அடியில் கிடந்த நிறம் வெளியே வந்துவிடும்.

அந்த நிறத்தை அடக்க எதிர் நிறம் வேண்டும். மஞ்சளுக்கு எதிர் ஊதா, செம்மஞ்சளுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை.

உங்கள் முடி எதில் நிற்கிறது என்று பார்க்க நான் காய்கறிக் கணக்குத்தான் சொல்வேன். வாழைப்பழத் தோலின் உட்புறம் மாதிரியோ, பழுத்த வாழைத்தோலின் வெளிப்புறம் மாதிரியோ இருந்தால் ஊதா ஷாம்பு. நுவரெலியா கேரட் மாதிரி இருந்தால் நீல ஷாம்பு. இரண்டுக்கும் நடுவில், பழுத்த பப்பாளி மாதிரி என்றால் இரண்டையும் சம அளவு கலந்து போடலாம், அல்லது வாரம் மாற்றி வாரம் போடலாம். சாயம் இறங்கிய பிளேன்டீ மாதிரி சிவந்திருந்தால் ஊதாவும் வேண்டாம், நீலமும் வேண்டாம். பச்சை ஷாம்பு என்றும் ஒன்று இருக்கிறது, மலைநாட்டுக் கடைகளில் அதை நான் கண்டதில்லை. அந்த நிறத்துக்குச் சாம்பல் கலந்த பழுப்பு டை ஒன்றை அடித்துவிடுவதுதான் சிக்கனம்.

பார்ப்பதைப் பகலில், வீட்டுக்கு வெளியே, நிழலில் நின்று பாருங்கள். காம்பராவுக்குள் எரியும் மஞ்சள் பல்ப் எல்லா முடியையும் மஞ்சளாகக் காட்டும். ஒருவர் பின்னால் நின்று போனில் படம் எடுத்துத் தந்தால் இன்னும் நல்லது, நம் பின்னந்தலையை நாமே பார்க்க முடியாதே.

ஒரே தலையில் இரண்டு நிறம் இருப்பதும் வழக்கம். வேரோரம் செம்மஞ்சள், நுனி மஞ்சள். அப்படியானால் இரண்டு போத்தல், இரண்டு இடம். இதில் சோம்பல்பட்டு நுனிக்கும் நீலத்தையே இழுத்துவிட்டால் மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சை அடிக்கும்.

2. யாருக்கு இது வேண்டாம்

ப்ளீச் காணாத கறுப்பு முடிக்கு ஒன்றும் நடக்காது. சாயம் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஷாம்பு முடியை வெளுக்காது, இருக்கும் நிறத்தின்மேல் ஒரு மெல்லிய படலம் போடும், அவ்வளவுதான். "போடப் போட வெள்ளையாகும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ப்ளீச் போடாமல் பழுப்பு டை மட்டும் அடித்தவர்களுக்கும் செம்பட்டை வரும். டையில் கலக்கும் 6% பெராக்சைட், அதாவது இருபது வால்யூம், நம் சொந்தக் கறுப்பையும் கொஞ்சம் தூக்கிவிடும். இவர்களுக்கு நீல ஷாம்பு வெயிலில் தெரியும் சிவந்த மினுக்கைக் கொஞ்சம் தணிக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மருதாணி போட்ட முடி வேறு கதை. அதன் செந்நிறம் முடியின் புரதத்தோடே ஒட்டிப்போவது. நீல ஷாம்பு அதன்மேல் அழுக்குப் போல உட்காரும், நிறம் மாறாது.

நரைத்த தலைக்கு டை அடிக்காமல் விட்டவர்களுக்கு ஒரு செய்தி. விறகடுப்புப் புகையில் நின்று நின்று மஞ்சள் தட்டிய வெள்ளை முடிக்கு ஊதா ஷாம்பு அருமையாக வேலை செய்யும். எங்கள் அப்பாயிக்கு மாதம் ஒரு தடவை, ஒரே ஒரு நிமிடம் போடுவேன். மஞ்சள் அடங்கிப் பஞ்சு மாதிரி தெரியும். இரண்டு நிமிடம் ஆனால் ஊதா அப்பாயிதான்.

3. போத்தலைச் சோதித்து வாங்குங்கள்

ஊதா நிறத்தில் இருப்பதெல்லாம் ஊதா ஷாம்பு இல்லை. போத்தல் அழகுக்காக நிறம் சேர்த்த சாதாரண ஷாம்புகளும் கடையில் அதே தட்டில் நிற்கும். பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். ஆசிட் வயலட் 43 என்றோ, சி.ஐ. 60730 என்றோ இருந்தால் ஊதாச் சாயம் உண்டு, இரண்டும் ஒன்றுதான். பேசிக் ப்ளூ 99 போன்ற பெயர்கள் நீலத்துக்கு. போத்தலின் பெயரும் சில நேரம் உதவும். ஃபனோலா என்ற கம்பெனியின் நோ யெல்லோ ஊதா, நோ ஆரஞ்ச் நீலம்.

வாங்கி வந்தபின் ஒரு துளியை வெள்ளைக் காகிதக் கைக்குட்டையில் வைத்து, நிமிடம் கழித்துத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். கறை நன்றாக நின்றால் சாயம் பலமானது, அப்படியானால் முதல் தடவைக்குச் சாதாரண ஷாம்புவோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். கறை ஓடிப்போனால் காசு போச்சு.

முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி, ஐந்து நிமிடத்தில் கழுவி, 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் போடவே வேண்டாம். டை ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

4. தண்ணீரும் சாமானும் முதலில்

நடுவில் ஓடிப்போய் எடுக்க நேரம் இருக்காது. மூன்று நிமிடத்தில் முடியும் வேலை இது. ஒரு சாமானைத் தேடினால் ஆறு நிமிடம் ஆகிவிடும்.

கையுறை, பழைய கருநிறத் துவாய், பெரிய பல் சீப்பு, நாலு கிளிப், ஒரு பிளாஸ்டிக் கோப்பை, சாதாரண ஷாம்பு, கண்டிஷனர், நெற்றியோரமும் காதிலும் தடவக் கொஞ்சம் வாசலின், போனில் அலாரம். கையுறை இல்லாமல் செய்தால் நகக்கண்ணில் இரண்டு நாளைக்கு ஊதா நிற்கும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய விஷயம். பீலியில், அதாவது பொதுக் குழாயடியில், வரும் தண்ணீர் காலையில் ஐஸ் மாதிரி இருக்கும். அந்தக் குளிரில் யாரும் ஒழுங்காக அலச மாட்டார்கள், பாதியில் ஓடிவிடுவார்கள், சாயம் தலையிலேயே கிடக்கும். இடுப்பு வரை முடி உள்ளவருக்கு இரண்டு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் முன்கூட்டியே கலந்து வைத்துவிடுங்கள். கை பொறுக்காத சூடு வேண்டாம், டை சீக்கிரம் கழன்றுவிடும்.

தண்ணீர் வாளியின் அடியையும் ஒருமுறை பாருங்கள். துருப்பிடித்த குழாயில் வரும் தண்ணீர் என்றால் வாளியில் செம்பழுப்புக் கறை படிந்திருக்கும். அது இரும்பு. அதே இரும்பு முடியிலும் படிந்து செம்பட்டையைக் கூட்டும். எதைப் போட்டாலும் ஒரு வாரத்தில் பழைய கதை என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். அலசுவதற்கு மழைத் தண்ணீரோ, நேராக ஊற்றிலிருந்து வரும் தண்ணீரோ பிடித்துக்கொள்ளுங்கள். முடியில் படிந்த உலோகத்தை எடுக்கவென்றே ஷாம்பு விற்கிறது, மாதம் ஒரு தடவை போதும்.

5. ஒரு கற்றையில் பரீட்சை

காதுக்குப் பின்னால், அடியில் இருக்கும் ஒரு கற்றையை எடுத்து மூன்று நிமிடம் போட்டு, அலசி, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் எல்லா நிறமும் கறுத்துத்தான் தெரியும், ஈரத்தை நம்பி முடிவு எடுக்க வேண்டாம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. அதிகம் ப்ளீச் பட்ட முடி பஞ்சுபோல உறிஞ்சும். ஒரே போத்தல், ஒரே நேரம், ஆனால் தங்கச்சி தலையில் சாம்பல், உங்கள் தலையில் கத்தரிப்பூ நிறம். அந்த வித்தியாசத்தை ஒரு கற்றையில் தெரிந்துகொள்வது மேல்.

6. எண்ணெயைக் கழுவுங்கள், ஈரத்தைப் பிழியுங்கள்

நம்மவர்கள் தவறும் இடங்களில் முக்கியமானது இது. முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னி, காலையில் நேராக ஊதா ஷாம்புவை ஊற்றுகிறார்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது, இல்லாத இடத்தில் ஏறும். முடிவு, திட்டுத் திட்டாகப் புள்ளிமான்.

முந்தின இரண்டு நாள் எண்ணெய் வைக்காதீர்கள். அன்றைக்கு முதலில் சாதாரண ஷாம்பு போட்டு அலசுங்கள். கண்டிஷனர் இப்போது கூடாது, அதுவும் எண்ணெய் மாதிரியே தடுக்கும்.

அப்புறம் துவாயால் அழுத்தி ஒற்றி எடுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் சாயம் கரைந்து வழிந்து ஓடிவிடும். பிழிந்தால் சொட்டு வராத ஈரம் சரியான ஈரம். காய்ந்த முடியில் போட்டால் இன்னும் பலமாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது ஐந்தாறு தடவை போட்டுக் கை பழகினவர்களுக்கு.

7. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

முடியை நாலாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். அதிகம் செம்பட்டையான இடத்தில் தொடங்குங்கள், பெரும்பாலும் அது நடுப்பகுதியும் மேல்பகுதியும்தான். நுனியைக் கடைசிக்கு விடுங்கள். நுனி வயதான முடி, பல ப்ளீச் கண்டது, தொட்டவுடன் குடித்துவிடும். எல்லாரும் கை பழக்கத்தில் நுனியைத்தான் முதலில் பிசைகிறார்கள். நடுவில் நிறம் தெரியும்போது நுனி கறுத்துப் போயிருக்கும்.

புதிதாக முளைத்த கறுப்பு வேருக்குப் போடத் தேவையில்லை, தலைத்தோலில் தேய்க்கவும் வேண்டாம். கையால் தடவி, சீப்பால் ஒருமுறை மட்டும் இழுத்துச் சமன் செய்யுங்கள். பின்னந்தலையின் உள் அடுக்கைத் தூக்கிப் பாருங்கள், விட்டுப்போவது எப்போதும் அங்கேதான்.

8. நேரம்

முதல் தடவை இரண்டு முதல் மூன்று நிமிடம். கடைசி இடத்தில் போட்டு முடித்ததும் அலாரம் வையுங்கள். அடுத்த வாரம் போதவில்லை என்று தோன்றினால் ஐந்து. போத்தலில் எழுதியிருக்கும் உச்ச நேரத்தை எக்காரணத்துக்கும் தாண்ட வேண்டாம்.

நுரையின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நுரை கடைசி வரை ஊதாவாகத்தான் இருக்கும். இடையில் ஒரு சிறு கற்றையைத் துவாயால் துடைத்துப் பாருங்கள், அடியில் இருக்கும் நிறம் தெரியும்.

குளிரில் சாயம் மெதுவாகப் பிடிக்கும், சூட்டில் விரைவாகப் பிடிக்கும். அதனால் தலையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்காருவது கூடாது. இதை நான் சொந்தமாகக் கெட்டுக் கற்றுக்கொண்டேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு, முதல் நாள் மாலை. வெளியே அடைமழை, பார்லருக்குள் நடுக்கம். பிள்ளைக்குக் குளிருமே என்று உறை போட்டு, பக்கத்தில் ஹீட்டரை வைத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனில் கதைத்துக்கொண்டு நின்றேன். பதினைந்து நிமிடம் ஓடிவிட்டது. முன்னால் இருந்த ஆறு கற்றையும் பளிச்சென்று கத்தரிப்பூ. அன்றிரவு மூன்று தடவை தலை கழுவினோம். விடியும்போது லேசான சாம்பலுக்கு இறங்கியது. மீதியை மல்லிகைச் சரம் மறைத்தது. அந்தப் பெண் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறாள், ஆனால் அலாரத்தைத் தன் போனில் வைத்துக்கொள்கிறாள்.

9. அலசுவது, காய வைப்பது

தண்ணீர் தெளிவாகும் வரை அலசுங்கள். பாதி அலசினால் தலையணை உறையில் ஊதா படியும். சீமெந்துத் தரையிலும் வெளிர் நிறத் தட்டோட்டிலும் தெறித்ததை உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் ஏச்சு வாங்குவீர்கள்.

அப்புறம் கண்டிஷனர். ப்ளீச் பட்ட முடி ஏற்கெனவே வறண்டது, இந்த ஷாம்புகள் இன்னும் வறட்டும். நுனிக்கு நிறையத் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள்.

மூடுபனிக் காலத்தில் முடி காய ஒரு நாள் ஆகும், தெரியும். அதற்காக விறகடுப்புப் பக்கம் தலையைக் காட்டிக் காய வைத்தால், கழுவிய மஞ்சளை நீங்களே திரும்பக் கூட்டி வருகிறீர்கள். துவாயால் ஒற்றி எடுத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வையுங்கள். ஸ்ட்ரெய்ட்னரை உச்ச சூட்டில் இழுப்பதும் வெளுத்த முடியை மஞ்சளாக்கும்.

10. எத்தனை நாளுக்கு ஒருமுறை

வாரம் ஒருமுறை போதும். நிறம் பிடித்துவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மற்ற நாட்களில் டை முடிக்கான சல்ஃபேட் இல்லாத ஷாம்பு. தினமும் போட்டால் படலத்தின்மேல் படலம் ஏறி, முடி மங்கி, சாம்பலடைந்த பாத்திரம் மாதிரி ஆகிவிடும். நாட்காட்டியைப் பார்த்துப் போடாமல் முடியைப் பார்த்துப் போடுங்கள். மஞ்சள் தெரியவில்லை என்றால் அந்த வாரம் வேண்டாம்.

மலையில் இருப்பவர்கள் குளிரைப் பார்த்து வெயில் ஒன்றும் செய்யாது என்று ஏமாறக் கூடாது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10% கூடும். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே. உடம்பு நடுங்கும்போதும் டை வெளுத்துக்கொண்டுதான் இருக்கும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தலையில் துணி கட்டிக்கொள்வதால் தப்பிக்கிறார்கள். டவுனுக்கு நடந்து போகிறவர்கள் ஒரு ஸ்கார்ஃபாவது போடுங்கள்.

11. கைமீறிப் போனால்

ஊதாவோ நீலமோ அடித்துவிட்டால் பதற வேண்டாம். இந்தச் சாயம் முடியின் மேல்பக்கத்தில்தான் நிற்கிறது. சாதாரண ஷாம்பு, அல்லது பொடுகு ஷாம்பு போட்டு இரண்டு மூன்று தடவை கழுவினால் பெரும்பகுதி இறங்கும். ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் கண்டிஷனர் போடுங்கள். பயத்தில் மேலே ப்ளீச் போடுவது மட்டும் கூடாது, முடி அறுந்துபோகும். சமையல் சோடாவும் வேண்டாம்.

பச்சை அடித்திருந்தால் மஞ்சள் முடியில் நீலம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் இப்படியே கழுவி, அடுத்த முறை ஊதாவுக்கு மாறுங்கள்.

திட்டுத் திட்டாக வந்தால், கழுவி இறக்கி, ஆறாம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். ஒரு வாரம் விட்டு.

சரியான நிறப் போத்தலை, மூன்று வாரம், வரிசை தவறாமல் போட்டும் அசையவில்லை என்றால், உங்கள் செம்பட்டை ஷாம்புவுக்கு அடங்கும் அளவைத் தாண்டிவிட்டது. நாலாவது வாரத்துக்குப் போத்தல் வாங்கும் காசைச் சேர்த்து வையுங்கள். பார்லரில் 3% பெராக்சைடோடு சாம்பல் டோனர் ஒன்று போடச் சொல்லுங்கள். போகும்போது இதுவரை போட்ட டை, மருதாணி, ஷாம்பு எல்லாவற்றின் பெயரையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குறிப்பாகக் கடைக் கறுப்பு மருதாணிப் பொடி. அவற்றில் சிலவற்றில் உலோக உப்பு இருக்கும், அதன்மேல் பெராக்சைட் பட்டால் முடி சூடேறிப் பொசுங்கும்.